பூச்சு வராத இடம்

சம்மாந்துறை. ஆடி மாதக் கச்சான்.
அறுத்த வயலின் சூட்டை அப்படியே அள்ளி
பட்டறைக்குள் கொட்டுகிறது.
ஸ்ப்ரே கன்னை விட்ட பெயின்ட்
இரும்பைத் தொடுமுன்னே வழியில் காய்ந்து
மாவாகிப் போகிறது, போன இடத்தில் ஒட்டுகிறது.

ஒன்பது கியர் பெட்டிகள், நெல் ஆலைக்குப் போகவேண்டியவை.
ஒன்பதிலும் பெயரிங் இறங்கவில்லை.
பேரின்பம் அண்ணன் சுத்தியலை வைத்துவிட்டு
என் மேசைக்கு வந்தார். பேசவில்லை.
துளைக்குள் சுற்றி எடுத்த விரலை மட்டும் காட்டினார்:
சாம்பல் நிறம்.

வரைபடத்தை விரித்தேன். கீழே என் கையெழுத்து.
துளை எண்பது. கூடலாம் முப்பது மைக்ரோன், குறையக்கூடாது.
ஏ முகத்துக்குச் செங்குத்து என்பதை
சின்னச் சட்டத்துக்குள் அழகாக அடைத்து வைத்திருக்கிறேன்.
பிறகு குறிப்பு ஏழு:
வெளிப்பரப்பு முழுவதும் சாம்பல் பூச்சு.

துளையின் சுவர் உள்ளா வெளியா?
அளப்பது பூச்சுக்கு முன்னா பின்னா?
குறிப்பு ஏழு வாயே திறக்கவில்லை.
சுவருக்கு அறுபது என்றால் விட்டத்துக்கு நூற்றிருபது.
இந்தக் கணக்குத் தெரியாதவள் இல்லை நான்,
எழுதத் தோன்றவில்லை.

“முழுவதும் எண்டு போட்டா முழுவதும்தான் மிஸ்”
என்றார் மிஹ்ளார், தின்னர் துணியைப் பிழிந்தபடி.
ஒன்பதையும் துடைக்க மூன்று நாள்.

அன்றிரவு திருத்தம் பி.
துளையைச் சுற்றித் தடித்த சங்கிலிக் கோட்டில் ஒரு வளையம்,
விட்டம் எண்பத்திரண்டு,
உள்ளே சாய்கோடுகள், பூச்சு வரக்கூடாது.
அந்த வளையத்தின் விளிம்புக்கும் ஒரு சட்டம் கட்டினேன்:
பிசகலாம், புள்ளி இரண்டு.
கட்டும்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

காலையில் மிஹ்ளார் தாளை வாசித்தார்.
டேப் சுருளை என் கையில் தந்தார்.
“ஒருக்கா நீங்களே ஒட்டிப் பாருங்களன்.”

ஒட்டினேன். பிளேட்டால் சுற்றி வெட்டினேன்.
என் வியர்வை ஒரு பக்கம், கச்சான் ஒரு பக்கம்
ஓரத்தைத் தூக்கின.
பெயின்ட் அதன் அடியால் நுழைந்தது,
வட்டிக்காரன் படலை திறப்பதுபோல, அவசரமே இல்லாமல்.
உரித்தால் அதுவும் ஒரு வரைபடம்தான்:
ஒலுவிலில் இருந்து பாணமை வரை கடற்கரை,
குடாவும் முனையுமாக.
வேர்னியரை வைத்தேன். பிசகு ஒன்று புள்ளி ஆறு.
அவர் சிரிக்கவில்லை.
சிரித்திருக்கலாம்.

திருத்தம் சி.
இப்போது இரண்டு வளையங்கள், எண்பத்திரண்டு, எண்பத்தாறு.
உள்ளே வரக்கூடாது.
வெளியே வந்தே தீரவேண்டும்.
இடையில் இரண்டு மில்லிமீற்றர்:
வரலாம், வராமலும் விடலாம்,
யாரும் கேட்கமாட்டார்கள்.
காரைதீவும் மாளிகைக்காடும் முட்டிக்கொள்ளும் இடத்தில்
இப்படி ஒரு இரண்டு மில்லிமீற்றர்...
அது வேறு கதை. அதை எந்த முகத்தில் இருந்து அளப்பது?

கேட்டார்தான். கொழும்பில் இருந்து விதானகே.
“அந்த இடைவெளியில் துருப்பிடித்தால் யார் பொறுப்பு?”
ஒரு விரல் கிரீஸ் போதும், என்றேன்.
“அதையும் எழுதுங்கள்.”
எழுதினேன். குறிப்பு பதினொன்று: ஒரு விரல் கிரீஸ்.
யாருடைய விரல் என்று இன்னும் கேட்கவில்லை.

பத்தாவது பெட்டியில் பெயரிங்
உள்ளங்கையால் அழுத்த இறங்கியது.
பேரின்பம் அண்ணன் சுத்தியலைத் தேடவே இல்லை.
மிஹ்ளார் அடுத்ததற்கு டேப் கிழித்தார்.
அவ்வளவுதான், தேநீர்கூட வரவில்லை.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினால்
அடியில் ஒட்டியிருக்கிறது டேப் வட்டம் ஒன்று,
ஒரு பக்கம் சாம்பல் பூச்சு,
பசைப் பக்கத்து ஓரத்தில் கொஞ்சம் உமி.
எறியத்தான் குனிந்தேன்.
வேர்னியர் பையில் இருந்தது.

எண்பத்து மூன்று புள்ளி நான்கு.

பாஸ்.